ஊதாக் கோடு

விளக்கைக் குறையுங்கள். பயந்தாங்கொள்ளிகள் நடுவில் உட்காரலாம். இது என் நண்பனின் அத்தைக்கு நடந்தது.

விடியற்காலை மூன்று மணி. ஆஸ்பத்திரி வாசலில் அத்தை தனியாக நிற்கிறாள். ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஒரு பெட்டி வரவேண்டும்... வந்தால்தான் மாமா பிழைப்பார்.

மாமாவுக்கு முடி வெட்டும் வேலை. காலமெல்லாம் நின்று நின்று, காலில் ரத்தக்குழாய் சுருண்டு, இரண்டு காலிலும் எப்போதோ அதை உருவி எடுத்தாயிற்று. இப்போது இதயத்தில் இரண்டு அடைப்பு. பைபாஸ் செய்யக் காலிலிருந்துதான் ரத்தக்குழாய் எடுப்பார்கள். ஸ்கேன்காரர் ஜில்லென்று பசை தடவி, தேடித் தேடிப் பார்த்துவிட்டு, குழாய் ஓடும் வழியைத் தோலில் குறிக்கும் ஊதாப் பேனாவை மூடிவிட்டார். கோடு போட ஒன்றுமே இல்லை. கையிலும் தேறவில்லை.

"என் கால்ல இருந்து எடுத்துக்குங்க சார்!" அத்தை அழுதாள்.

"உயிரோட இருக்கறவங்ககிட்ட எடுக்க மாட்டோம்மா," என்றார் டாக்டர். "செத்துப்போன ஒருத்தரோட ரெண்டு கால்லேருந்தும் எடுத்து உறைய வெச்சது இருக்கு. வரவழைக்கறேன்."

பெட்டி வந்தது. மாமா பிழைத்தார்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி... சரக்... சரக்... இரண்டு காலையும் இழுத்துக்கொண்டு யாரோ நடக்கும் சத்தம். ஸ்பிரிட் வாடை. அத்தை கண்ணைத் திறக்கவில்லை. சத்தம் மாமாவின் கட்டிலருகே போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அவரை விட்டுடு..." குரல் காற்றாகத்தான் வந்தது. "நான் தரேன்னு சொன்னேன்ல..."

சத்தம் இவள் பக்கம் திரும்பியது. கணுக்காலில் ஜில்லென்று பசை...

விடிந்து பார்த்தால், வலது காலில் கணுக்காலிலிருந்து தொடை வரை ஊதாக் கோடு. தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். போகவில்லை. மாமாவிடம் மூச்சுவிடவில்லை. அன்று ராத்திரி அவளே போர்வையை விலக்கிக் காலை நீட்டிப் படுத்தாள்.

வலிக்கவே இல்லை. ஆனால் அது திரும்பிப் போகும்போது சத்தம் மாறியிருந்தது. டக்... சரக்... டக்... சரக்... ஒரு கால்தான் இழுபட்டது.

காலையில் கோட்டைக் காணோம். கால் மட்டும் வீங்கிக் கிடந்தது. அடுத்த நாளும் வடியாததால் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதே ஸ்கேன்காரர். பசை தடவினார். தேடினார். முகம் மாறிவிட்டது.

"இந்தக் கால்ல எப்பம்மா எடுத்தாங்க? தழும்பே இல்லையே..."

அவர் இடது காலைப் பார்க்கத் துணியை விலக்கினார்.

"இதுல யாரும்மா கோடு போட்டது?"