கைப்பிடியின் வளைவு

முதுகு வலிதான் முதலில், சார். மூட்டை உட்காரும் இடத்தில். கிடங்கில் பகலெல்லாம் சிமெண்ட் இறக்குகிறவனுக்கு அது கூலியோடு சேர்ந்து வருவது, குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள், நான் நின்றே சொல்கிறேன். உட்கார்ந்தால் எழுவது சிரமம்.

என் தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஆள் வளர்ந்தான், புத்தி குழந்தையாகவே நின்றுவிட்டது. கால் சமதரையில்தான் நடக்கும், படி இறங்காது. அப்பா குழாய் வேலைக்காரர். மாடியில் அவன் கட்டிலிலிருந்து படிக்கட்டின் மேல்படி வரை சுவரோடு கைப்பிடிக் குழாய் பதித்தார். முடிகிற இடத்தில் ஒரு வளைவு. அதைத் தொட்டால் நிற்க வேண்டும், நின்று என்னைக் கூப்பிட வேண்டும். அப்பா பழக்கியதைத் தம்பி ஒருநாளும் மீறியதில்லை. காலையில் வளைவைத் தொட்டு, "அண்ணா, வந்துட்டேன்" என்பான். நான் முதுகில் ஏற்றிக் கீழே இறக்குவேன். சாயங்காலம் மறுபடி மேலே. சிமெண்ட் மூட்டை கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்காது. அவன் சிரிப்பான்.

அப்பா படுக்கையில் விழுமுன் என்னையும் கூட்டிக்கொண்டு உயில் எழுத வக்கீலிடம் போனார். தம்பி இருக்கும்வரை வீடு தம்பிக்கு. விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது. அவனைப் பார்த்துக்கொள்வது நான். அவனுக்குப் பின் வீடு எனக்கு. வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

"பெரியவரே, பாத்துக்கறவனும் பின்னால எடுத்துக்கறவனும் ஒரே ஆளா இருக்க வேண்டாம். வெளியாள் ஒருத்தரப் போடுங்க."

அப்பா சிரித்தார். "இவன் சுமை தூக்கறவன் சார். எறக்கி வைக்கத்தான் தெரியும். தள்ளத் தெரியாது."

அப்பா சொன்னது சரி. நான் தள்ளவில்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வக்கீல்தான் எனக்கு ஆகவில்லை. வேலியே பயிரை மேயும் என்று மூஞ்சியைப் பார்த்தே முடிவு கட்டுகிற ஆள். அப்பா போன பின்னும் வருடக்கணக்கில் சுமந்தேன். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், தம்பியைப் பார்த்தார்கள், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

போன வாரம் குழாயை நீட்டினேன். வளைவைக் கழற்றி, ஒரு முழத் துண்டு சேர்த்து, வளைவைத் திரும்ப மாட்டினேன். அப்பாவின் ரெஞ்சுதான். பிடுங்கவில்லை சார், கூட்டித்தான் கொடுத்தேன். வளைவு இப்போது படிக்கட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

மறுநாள் காலை நான் கீழே நின்றேன். தம்பி குழாயைப் பிடித்தபடி, வளைவைத் தேடிக்கொண்டே வந்தான்.

விழுந்தவுடன் சாகவில்லை. "அண்ணா, வளைவு எங்கண்ணா?" என்றான். அழவில்லை, தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக் கேட்டான். ஆஸ்பத்திரி தெருமுனையிலேயே இருக்கிறது. உடனே தூக்கிப் போயிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் உங்களிடம் சொல்லியிருப்பார். எனக்கு அன்று முதுகு பிடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன், மூச்சு அடங்கும்வரை. வேறு எந்த அண்ணன் உட்கார்ந்திருப்பான்?

கொலை என்றால் கொலை என்றே எழுதுங்கள். யாருக்கும் கடன் வைத்து எனக்குப் பழக்கமில்லை. கிடங்கில் நாங்கள் சுமையை நடைக் கணக்கில்தான் பேசுவோம். ஆஸ்பத்திரிவரை ஒரு நடை, தம்பிக்கு நான் பாக்கி.