பொம்மை மெஷினும் ஃபில்டர் தாளும்

— சத்தியமா கதவைத் தொட மாட்டேன் அண்ணி, கண்ணாடி வழியா மட்டும் பாத்துக்கறேன்!

— பாரு, ஆனா குதிக்காதே. நீ குதிக்கிற குதியில உள்ள இருக்கிற எங்க லேப் தராசு ஆடிடும்.

— அந்தக் குட்டி வெள்ளைத் தாளா? எங்க மொட்டை மாடியில சர்க்கார் மெஷின் ஒண்ணு காத்தை இழுத்துக்கிட்டே கிடந்துச்சே, அதுல இருந்ததா?

— அதேதான். உங்க வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு எடை, இப்ப ஒரு எடை. கூடுதலா ஏறினது உங்க தெருத் தூசி.

— நேத்தே வந்துடுச்சே! நேத்தே எடை போட்டிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்ல?

— ஒரு நாள் முழுக்க இந்த ரூம்ல கிடந்து காயணும்டி. ஈரம் இருந்தா எடை பொய் சொல்லும்.

— ஐயோ, அதைச் சொல்லித்தானே எங்க தெருவுல புகை விடுற ஃபேக்டரியோட வக்கீல் சிரிச்சான்! "அம்மா, உங்க பொம்மை மெஷின் பனியைப் போய் புகைன்னு காட்டுது"ன்னு, கோர்ட்ல, அத்தனை பேர் முன்னாடி! காத்துல தூசியை அளக்கத் தெருவே சேர்ந்து வாங்கின மெஷின் அண்ணி அது. என் முகம் போன போக்கு எனக்குத்தான் தெரியும்.

— இனிமே பனியைச் சாக்கு சொல்ல முடியாது. காஞ்ச பிறகு மிச்சம் இருக்கிறது தூசி மட்டும்தான். கோர்ட்டும் இந்த எடையைத்தான் ஏத்துக்கும்.

— நீங்களே போட்டிருக்கலாம்ல? இந்நேரம் முடிஞ்சிருக்கும்.

— நாத்தனார் வீட்டுத் தாளை நான் தொட்டா, அந்த வக்கீல் என்னையே கூண்டுல ஏத்திடுவான். அதான் உன்னோட சேர்ந்து நானும் வெளியில நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

— காத்துல தூசிக்குச் சட்டம் விடுற அளவு அறுபது. சர்க்கார் மெஷின் ஓடின அன்னிக்கு எங்க பொம்மையும் பக்கத்துலயே ஓடி நூறு காட்டுச்சு. எழுபது வரட்டும் போதும்! அறுபத்தொண்ணு வந்தாக்கூட கேஸ் நம்ம பக்கம்!

— அடங்குடி, உள்ள இருக்கிறவங்க எடை போட்டுட்டாங்க... இல்ல, தாளை எடுத்து மறுபடியும் வைக்கிறாங்க.

— ஏன் மறுபடியும்? ஏதாவது தப்பாயிடுச்சா?

— முதல்ல வந்ததை அவங்களாலேயே நம்ப முடியலை போல. இரு, கணக்குப் போட்டு எழுதிக் காட்டுறாங்க...

— எனக்குத் தெரியலை, தலையை நகர்த்துங்க! என்ன வந்துச்சு? அண்ணி, ஏன் வாயைப் பொத்திக்கிறீங்க? தோத்துட்டோமா? எங்க மெஷின் தப்பா?

— தப்புதான்டி. வக்கீல் சொன்னது சரிதான், உங்க பொம்மைக்கு அளக்கத் தெரியலை. நூறு இல்ல, இருநூறு!