நூறாவது நெஞ்சுப் படம்

"இருட்டுக்குள்ள இவ்வளவு நேரம் நிண்டு உங்களுக்குப் பயமா இல்லியா தங்கச்சி?" என்று றிபாத் சேர் ஒருமுறை கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். சிவப்பு விளக்கின் மங்கலில் அது அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் பதிலுக்காகக் காத்து நின்றார். என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு அப்படிக் காத்து நின்றவர் அதற்கு முன் யாருமில்லை.

தொண்ணூறாம் ஆண்டு கலவரத்தில் பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது நான் ஒன்பதாம் வகுப்பு. திறந்தபோது போகவில்லை. ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பகுதியில் படம் கழுவும் வேலை எனக்குத் தோதாக இருந்தது. முதல் தொட்டியில் முக்கினால் விலா எலும்புகள் மெல்ல எழும்பி வரும். இரண்டாம் தொட்டியில் ஊறும்வரை வெள்ளை விளக்கைப் போடக் கூடாது. போட்டால் படம் முழுக்கக் கறுத்துவிடும். வேலை அவ்வளவுதான்.

சேர் கண்டியில் மேற்படிப்புப் படிப்பவர். மருதமுனைத் தறிகளின் பஞ்சுத் தூசி நெஞ்சை என்ன செய்கிறது என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. நூறு நெசவாளர்களின் படம் வேண்டும். நூறு முடிந்தால் போய்விடுவார். படம் ஊறும்போது என் பக்கத்தில் நின்று எதையாவது கதைத்துக்கொண்டிருப்பார். கசநோய் நெஞ்சுப் படத்தில் வெள்ளையாக எப்படித் தெரியுமென்று அவர்தான் எனக்குக் காட்டித் தந்தார்.

நாற்பதாவது படம் என் கைத்தவறால் கறுத்தது. சேர் ஏசவில்லை. திரும்ப வரச்சொல்லி ஒரு துண்டு எழுதி, நானும் மருதமுனை என்பதால் என்னிடமே கொடுத்தார். அந்த ஆள் வர ஐந்து நாள் சென்றது. ஒரு படம் கெட்டால் ஐந்து நாள் என்று அப்போது தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எட்டுப் படங்கள் கெட்டன. படம் கழுவும் மருந்தில்தான் பிழை என்று நினைத்து சேர் என்னோடு இருந்து மருந்து கலக்கினார். அது நல்ல கிழமை, ஏழு நாளும்.

நூறாவது ஆள் ஹாஜறா ராத்தா. என் வீட்டுக்குப் போகும் வழியில் அவருடைய தறி. சேர் மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது ராத்தா, "மூச்ச உடச் சொல்ல மறந்திராதீங்க மகன், இப்பிடியே மவுத்தாப் போயிருவன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"படத்துல ஏதும் இருந்தாக் கூப்பிடுவம் ராத்தா" என்று சேர் சொல்லி அனுப்பினார்.

தொட்டியில் அவருடைய படம் எழும்பி வந்தது. வலது தோளெலும்புக்குக் கீழே பெருவிரல் அளவு வெள்ளை. வெளியே சேர் யாரிடமோ, "நாளைக்குக் காலம்பற பஸ்ஸில போறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வெள்ளை விளக்கைப் போட்டேன்.

"வெளிச்சம் பட்டுட்டு சேர்."

"பரவாயில்ல தங்கச்சி." துண்டு எழுதித் தந்தார்.

அதை நான் கொடுக்கவில்லை. மறுநாள், "ராத்தா இறக்காமத்துக்குத் தம்பிட வீட்ட போயிட்டாவாம் சேர். வெள்ளாமை வெட்டி முடியத்தான் வருவாவாம்" என்றேன். அவ்வளவு நீளமாக நான் யாரோடும் கதைத்ததில்லை. சேர் நம்பினார். பெயர் பதிந்த நூறு பேரில் ஆளை மாற்ற முடியாதாம். வெள்ளாமை முடியட்டும் என்று இருந்துவிட்டார்.

ஒன்பது கிழமை. பின்னேரங்களில் அந்தத் தறியைக் கடந்து போவேன். முதலில் தறிச் சத்தத்துக்கு இடையில் இருமல் கேட்டது. பிறகு இருமலுக்கு இடையில் தறிச் சத்தம். நான் தெருவின் மற்றப் பக்கமாக நடக்கப் பழகிக்கொண்டேன். ஒரு திங்கட்கிழமை இரண்டுமே கேட்கவில்லை. வாசலில் ஆண்களின் செருப்புகள் நிறையக் கிடந்தன.

நான் யாரையும் தொடவில்லை. ஒரு விளக்கைப் போட்டேன், ஒரு துண்டைச் சோற்றுப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். யாரும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அடுத்த கிழமை ராத்தாவின் மகள் ஸுல்பிகா வந்து இருட்டறை வாசலில் நின்றாள். உள்ளே சேரும் நானும் இருந்தோம்.

"உம்மாட படத்துல என்ன சேர் இருந்திச்சி? ஏதும் இருந்தாக் கூப்பிடுவம் எண்டீங்க. கூப்பிடல்ல. ஒண்டுமில்லாதபடியாத்தான் கூப்பிடல்ல எண்டு சொல்லி, ரத்தம் வந்த புறகும் மருந்துக்குப் போகாமக் கிடந்தா."

"உம்மா இறக்காமத்துலதானே இருந்தா?" என்றார் சேர்.

"எந்த இறக்காமம்? மவுத்தாகுற கிழமை வரைக்கும் தறியை விட்டு எழும்பல்ல."

சேர் என்னைப் பார்த்தார். அவர் கேட்பார், காத்து நிற்பார், நான் சொல்வேன் என்று நினைத்தேன். வார்த்தைகளைக்கூட ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன்.

அவர் மேசையிலிருந்த பையை எடுத்தார். வெளியே போனார். போகும்போது கதவை இறுக்கிச் சாத்திவிட்டுப் போனார், எனக்கு வெளிச்சம் படக் கூடாது என்று.