ஏழடிப் பெட்டி

இந்தக் காப்பியில் சீனி கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

மூவாரில் எனக்கு மரச்சாமான் கடை. போன வருஷம் ரப்பர் தோட்டத்தில் கணக்கு பார்க்கும் பெரிய கிராணி தோமஸ் ஐயா காய்ச்சலில் கிடந்தார். பாதிரியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதலும் கொடுத்துவிட்டுப் போனார். உடனே தோமஸ் ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பி, தனக்கொரு சவப்பெட்டி செய்யச் சொன்னார். ஆள் நெடியவர். மெராந்தி மரத்தில் ஏழடிக்குச் செய்து, மூடியில் சிலுவையும் அவர் பெயரும் செதுக்கினேன். மறுவாரம் அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

காசைக் கொடுத்துப் பெட்டியை எடுத்துப் போகச் சொன்னேன். "நான்தான் சாகலையே சபாபதி, நீயே வச்சுக்க" என்றார்.

வியாபாரத்தில் கோபப்பட்டு முடிவெடுக்கக் கூடாது. கல்யாணக் கட்டில் வாங்க வந்தவர்கள் பெட்டியைக் கண்டதும் திரும்பிப் போனார்கள். துணி போட்டு மூடினேன், அப்போதும் தெரிந்துவிட்டது. நிமிர்த்தித் தட்டுகள் அடித்து அலமாரி என்றேன். சிலுவை எதற்கு என்று ஒரு அம்மாள் கேட்டார். வேறு யாருக்காவது கொடுக்கலாமென்றால், அந்த உயரத்துக்கு இந்த ஊரில் யாரும் சாகவில்லை. என் மனைவி புஷ்பவள்ளி, வெட்டி அடுப்பில் வைக்கச் சொன்னாள். நல்ல மரத்தை எரிப்பது புத்தியுள்ளவன் செய்கிற காரியமில்லை.

எட்டு மாதம் நிதானமாக யோசித்தேன். பெட்டியில் குறையில்லை. அளவிலும் குறையில்லை. ஆள் மட்டும்தான் தயாராக இல்லை. சரிசெய்யக்கூடியது அது ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடைப்பக்கம் வந்தவரிடம், தட்டுகளைக் கழற்றிவிட்டுப் பஞ்சு மெத்தை தைத்திருக்கிறேன், படுத்துப் பாருங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே படுத்தார்.

"தோள் இடிக்குதாங்க ஐயா?"

"இல்லப்பா. கச்சிதமா இருக்கு."

மூடியை வைத்து எட்டுத் திருகாணிகளையும் முடுக்கினேன். கொஞ்ச நேரம் தட்டினார். பிறகு தட்டவில்லை.

சாயங்காலம் மாட்டுவண்டியில் கொண்டுபோய் அவர் வீட்டில் இறக்கினேன். அவர் சம்சாரம் லூசி அம்மாள் வாசலுக்கு வந்து, "அவங்க இன்னும் வீட்டுக்கு வரலையே, யாரைக் கேட்டு இறக்குறீங்க?" என்றார். வந்துவிட்டார் என்றேன்.

ஆமாம், கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இருபது வருஷத் தொழிலில், என் சாமானை வாங்கியவர் ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.