நின்றுபோன ஆடிச்சுற்று

— காலைத் தேய்ச்சது போதும் கனகு. கேட்டதுக்குப் பதில் சொல்லு. கோயிலுக்கு ஏன் போகல?

— முட்டு வலிங்க. நேத்தே சொன்னேன்லா.

— நேத்து மச்சிக்கு ஏறிப் போயித் துணி காயப்போட்டியே, அது யாரு முட்டு?

— துணி காயாண்டாமா. மாலா கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு எல்லா வேலையும் அவளே பாப்பாளா?

— நீ வாக்கப்பட்டு வந்த வருசத்துலேருந்து பாக்கேன். ஆடித் தபசுக்குக் கொடி ஏறிட்டா வீட்டுல நிக்கமாட்ட, கோயிலை ஆடிச்சுத்து சுத்தக் கிளம்பிருவ. காய்ச்சலோட சுத்தியிருக்க. மாலா வயித்துல இருக்கும்போது சுத்தியிருக்க. இந்த வருசம் புருசன் நெஞ்சைப் பிளந்து தைச்சுக் கொண்டாந்து போட்டிருக்கு. இந்த வருசம்தான் உனக்கு முட்டு வலிக்கு.

— வலிக்குன்னா வலிக்குதான்.

— நேர்ந்தது நீ. நான் கேக்கல. என்னை ஆபரேசனுக்கு உள்ள தள்ளிட்டுப் போகும்போது காதுகிட்ட வந்து சொன்ன. 'கோமதித் தாயி, இவுகளைத் திருப்பிக் குடுத்துரு, இந்த ஆடிக்கு ஆயிரத்தொரு சுத்து சுத்துதேன்'னு. சொன்னியா இல்லியா?

— சொன்னேன். குடுத்துட்டால்லா. அவ கணக்கு அவளுக்குத் தெரியும்.

— இதென்ன பேச்சு? சன்னல் வழியாப் பாரு, ஊரே சுத்துது. விருதுநகர்க்காரன், தென்காசிக்காரன்லாம் ரயிலேறி வந்து சுத்துதான். கோயிலுக்குப் பின்னால வீடு இருக்கவ கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கா.

— மெதுவாப் பேசுங்க. எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு. இன்னும் கூடல.

— அதை விடு. விளக்கு ஏன் ஏத்தல? ஆஸ்பத்திரிலேருந்து வந்த அன்னையிலேருந்து பாக்கேன். சாமி ரூம்பு பூட்டியே கிடக்கு. நீ தலையில ஒரு முழம் பூ வைக்கல. கோயில் புத்து மண்ணை நெத்தியில பூசிவிடுன்னா கேக்காத மாதிரிப் போயிருத.

— இன்பெக்சன் வரும்னு டாக்டர் சொன்னாரு.

— நெத்தியில பூசினா நெஞ்சுல வருமோ இன்பெக்சன்? ஒரு ஆளும் எட்டிப் பாக்கலியே, அதுவும் டாக்டர் சொன்னதுதானா? பக்கத்து வீட்டு வேல்ராஜுக்கு ஸ்டென்ட் வச்சப்ப தெருவே ஆரஞ்சும் ஹார்லிக்சும் தூக்கிட்டுப் போச்சு. அந்த வேல்ராஜ் காலையில சன்னலைத் தாண்டிப் போறான். 'வேல்ராஜு'ன்னு கூப்பிட்டேன். நின்னான். என்னையே பாத்தான். கண்ணு கலங்கிப் போச்சு அவனுக்கு. தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டான். நான் என்ன செத்தா போயிட்டேன்?

— நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில?

— என் போனை வாங்கி ஒளிச்சு வச்சாச்சு. நீ மட்டும் உன் போனை இடுப்புலயே சொருகிக்கிட்டுத் திரியுத. அடிச்சாக் கொல்லைக்கு ஓடுத. அம்மாவும் மகளும் குசுகுசுன்னு பேசுதீங்க, நான் இருமினா நிப்பாட்டிருதீங்க. எல்லாரும் கூட்டுக் களவாணிங்க.

— உங்களுக்குத்தான் எல்லாம் பாக்கோம்.

— எனக்கா? அப்ப அந்தப் பய எங்க?

— யாரு?

— யாராம்லா. உன் மகன். பாண்டியராஜன். ஒத்தைக்கு ஒரு ஆம்பளைப் பிள்ளை.

— கம்பெனியில புனேக்கு அனுப்பிட்டாங்கன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு.

— எனக்கு ரத்தம் குடுத்தவன் அவன். ஆபரேசன் தியேட்டர் வாசல் வரைக்கும் என் கால் கட்டைவிரலைப் பிடிச்சுக்கிட்டே வந்தான். 'கண்ணு முழிக்கும்போது நான் இங்கன நிப்பேம்ப்பா'ன்னான். கண்ணு முழிச்சேன். ஒரு நர்சு நிக்கி.

— நின்னான். நீங்க மொதல்ல முழிக்கும்போது அவன்தான் நின்னான். உங்களுக்குத்தான் மயக்கத்துல தெரியல.

— அதுக்குப் பிறகு? அப்பன் நெஞ்சு பிளந்து கிடக்கு, அவனுக்குப் புனே பெருசாப் போச்சு. ஒரு போன் உண்டா? கேட்டா, 'நீங்க தூங்கும்போது பேசினான்'ங்குத. அவன் பேசுத நேரம் பாத்தா நான் தூங்குதேன்? விடு அந்தச் சவத்துப் பயலை. எனக்குக் கொள்ளி வைக்கக்கூட அவன் வரண்டாம். மாலா வைக்கட்டும்.

— சொல்லாதீங்க.

— ஏன் சொல்லக்கூடாது?

— உங்க காலைப் பிடிக்கேன். அவனை அப்படிச் சொல்லாதீங்க. வேற என்னையத் திட்டுங்க, அடிக்கக்கூடச் செய்யுங்க. அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்.

— ஏட்டி, எதுக்கு மூஞ்சியத் திருப்பிக்கிடுத? இங்க பாரு. என் மூஞ்சியப் பாரு.

— மாத்திரை நேரம் ஆயிட்டு.

— கனகு. கோயிலுக்குப் போகல. விளக்கு ஏத்தல. பூ வைக்கல. புத்து மண்ணைத் தொடல. நானும் மடையன் மாதிரி நீ முட்டுங்குத, இன்பெக்சன்ங்குத, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுக் கிடக்கேன். இது தீட்டு. நம்ம வீட்டுக்குத் தீட்டு வந்திருக்கு.

— தண்ணி கொண்டாரேன்.

— உக்காரு. நீ எங்கிட்ட ஆயிரம் பொய் சொல்லுவ. கோமதிகிட்டச் சொல்லமாட்ட. தீட்டோட அவ வாசல்ல கால் வைக்கமாட்ட. பங்காளியில யாரோ போயிட்டாங்க. யாரு?

— தலகாணியப் பிடிங்க.

— யாருட்டி?

— நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க மொதல்ல. இருமல் வந்தா எலும்பு விலகிரும்.

— பிடிச்சாச்சு. நானே சொல்லுதேன். பங்காளின்னு எனக்கு இருக்கது ஒருத்தன்தான். ஆஸ்பத்திரிக்கு வாரேன் வாரேன்னு போன்ல சொல்லிட்டு வராதவன். இளையரசனேந்தல்காரன். என் தம்பி பேச்சிராஜா. அவன்தானே?

— என்னங்க...

— அவன்தானே? ஆமான்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு.

— ஆமா.

— ஆமாவா?

— ஆமாங்க. உங்க தம்பிதான். பேச்சிராஜாதான்.

— எப்போ?

— நீங்க ஐசியூல இருக்கும்போது.

— அப்ப எடுத்தாச்சு. எரிச்சாச்சு. சாம்பலைக் கரைச்சாச்சு. நான் இங்கன ஓட்ஸ் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன், நீ ஆத்தி ஆத்திக் குடுத்திருக்க. மாலாவுக்குத் தெரியும். வேல்ராஜுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும், கூடப்பிறந்தவனுக்கு மட்டும் தெரியாது. முப்பத்தஞ்சு வருசம் உன் கையால சோறு தின்னவன் நான். எனக்குத் துரோகம் பண்ணிட்ட கனகு. நெஞ்சைக் கீறின டாக்டராவது மயக்க மருந்து குடுத்துட்டுக் கீறினான்.

— சொன்னாத் தாங்கமாட்டாருன்னுட்டாங்க. ஒரு மாசமாவது போகட்டும்னாங்க. நான் என்ன செய்ய? ஒரு உசிரு போயிட்டு. இன்னொண்ணையும் தூக்கிக் குடுக்கவா?

— எப்படிப் போனான்?

— பைக்குல. தேவர்குளம் தாண்டி. எதிர்க்க லாரி வந்திருக்கு.

— தேவர்குளமா? இளையரசனேந்தல்காரன் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கோவில்பட்டி வழியால்லா போவான். தேவர்குளத்துக்கு எதுக்கு வந்தான்?

— இங்க வந்துட்டுத்தான் திரும்பினது. நம்ம வீட்டுக்கு. ஆஸ்பத்திரித் துணி அரிக்கு, என் வேட்டி இருந்தா நல்லாருக்கும்னு மயக்கத்துல சொன்னீங்க. அதை எடுத்துட்டு வாரேன்னு வந்திருக்கு. பீரோவைத் திறந்து, அயர்ன் பண்ணினதாப் பாத்து எடுத்து, பையில மடிச்சு வச்சிருந்தான். பையில ஒரு சொட்டு ரத்தம் படல. நீங்க இப்பக் கட்டியிருக்கதுதான் அந்த வேட்டி.

— இதா?

— அதுதான்.

— இந்த வேட்டியா... வரப்புச் சண்டைக்குப் பிறகு இந்த வாசலை மிதிக்கமாட்டேன்னு போனவன். எனக்கு வேட்டி எடுக்கவா வந்தான்?

— முகத்துல ஒரு கீறல் கிடையாதுங்க. தூங்குத மாதிரிதான் கிடந்தான். சின்னதுல வாயை லேசாத் திறந்துக்கிட்டுத் தூங்குவான்லா, அப்படி.

— கொழுந்தனாரு கொழுந்தனாருன்னுதான் சொல்லுவ. நீ அவனை 'அவன்'ங்கத இன்னைக்குத்தான் கேக்கேன்.

— நான் வரும்போது டவுசர் போட்ட பய. வேற எப்படிச் சொல்ல?

— கேதத்துக்குப் போனியா?

— போனேன். இளையரசனேந்தல்ல வச்சுத்தான் எடுத்தாங்க. மாலாவை உங்ககிட்ட இருத்திட்டு ஒரு பகல் போயிட்டு வந்தேன்.

— கோயில் பிரசாதம் வாங்கப் போறேன்னுட்டுப் போனியே, அன்னைக்கா?

— அன்னைக்குத்தான்.

— அழுதியா?

— அழலை.

— அழலியா?

— அழுதாக் கண்ணு வீங்கிரும். நீங்க கண்டுபிடிச்சிருவீங்க. தலைமாட்டுல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். எல்லாரும் என்னைப் பிடிச்சு உலுக்குதாங்க, அழுதிரு அழுதிருன்னு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டேன். தூக்கினதும் பஸ் ஏறிட்டேன். சாயங்காலம் உங்களுக்கு இட்லி ஊட்டினேன்.

— அழு. இப்ப அழு. நான் தாங்குவேன், தலகாணியப் பிடிச்சிருக்கேன்லா. அழுட்டி.

— என் ராசா... ஐயோ என் ராசா... போயிட்டு உடனே வாரேன்னுதானே சொன்ன. கண்ணு முழிக்கும்போது நிப்பேன்னு சொன்னியே, நிக்காமப் போயிட்டியே. உனக்கு முன்னாடி நான் போயிருக்கணும்லா ராசா. என்னைய விட்டுட்டு உன்னையக் கொண்டுட்டுப் போயிட்டாளே அந்தப் பாவி...

— அழு. நல்லா அழு. அவன் வரப்பை வெட்டினப்ப தெருவுல நின்னு மண்ணை வாரித் தூத்தினவ நீ. உனக்குள்ள இம்புட்டுப் பாசம் இருந்திருக்கு, எனக்கே தெரியாமப் போச்சே.

— முடியலங்க. என்னால முடியல.

— சரி. சரி. இங்கன வந்து பக்கத்துல உக்காரு. போனை அங்கிட்டுத் தள்ளி வையி, இடுப்புல குத்தும். ஆமா, கொள்ளி யாரு வச்சது? பேச்சிராஜாவுக்கு ரெண்டும் பொம்பளைப் பிள்ளைதானே?

— என்ன கேக்கீங்க?

— கொள்ளி யாரு வச்சதுன்னு கேக்கேன். பாண்டி வச்சானா?

— ம்.

— பாண்டிதானா?

— ஆமா. பாண்டிதான்.

— அப்ப இதான் விசயம். சித்தப்பனுக்கு மொட்டை போட்டிருக்கான். மீசையை எடுத்திருப்பான். அந்தத் தலையோட என் முன்னாடி வந்தாத் தெரிஞ்சிரும்னு ஒளிஞ்சு திரியுதான். புனேயும் கிடையாது, பொட்டலும் கிடையாது. அட என் மக்கா. உன்னைய என்ன பேச்செல்லாம் பேசிட்டேன். சவத்துப் பயன்னு சொன்னேனே. கொள்ளி வைக்க வராதன்னு சொன்னேனே.

— விடுங்க. அவன் காதுல விழல.

— மொட்டைத் தலையோடயே வரச்சொல்லு. முடி முளைக்கட்டும்னு காத்துக் கிடக்காண்டாம். அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாருன்னு சொல்லு. அந்தத் தலையைத் தடவிப் பாக்கணும் போல இருக்கு கனகு.

— சரிங்க.

— பதினாறு என்னைக்கு?

— நாளைக்கு.

— நானும் வாரேன். கார் ஏற்பாடு பண்ணு. தம்பி பொண்டாட்டி முத்துமாரிகிட்டப் போயித் துட்டி கேக்கணும். உசிரு போனாலும் சரி.

— வேண்டாம்ங்க. அவ்வளவு தூரம் குலுங்கிக்கிட்டு.

— போயித்தான் ஆகணும். இத்தனை நாள் ஏமாந்தது போதும். இனிமே எங்கிட்ட மறைக்க ஒண்ணும் இல்லியே?

— இல்ல.

— எம்மேல சத்தியமா?

— தையல் போட்ட நெஞ்சை வச்சுக்கிட்டுச் சத்தியம் கேக்காதீங்க.

— சரி, கேக்கல. போயிக் கொல்லைக் குழாயில மூஞ்சியக் கழுவிட்டு வா. ரெண்டு பேருக்கும் ஒரு காப்பி போடு.

— அசையாம இருங்க. இந்தா வந்திருதேன்.

— கனகு... ஏட்டி, உன் போன் அடிக்கி. கட்டில்லயே வச்சுட்டுப் போயிட்ட. குழாய அடைச்சுட்டுக் கேளு. கண்ணாடி இல்லாமப் பேரு தெரியல. பாண்டியாத்தான் இருக்கும், நானே எடுக்கேன்.

— எடுக்காதீங்க. நான் வாரேன், எடுக்காதீங்க.

— ம்.

— மதினி, நான் பேச்சிராஜா பேசுதேன். அண்ணன் பக்கத்துல இருந்தா நீங்க பேசாண்டாம், நான் சொல்லுததைக் கேட்டுக்கிட்டாப் போதும். சாப்பாட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு, கொள்ளி வச்சவன் நான் நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிடுதேன். நாளைக்கு எப்படியாவது ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க மதினி. நம்ம பாண்டிக்குப் பதினாறு, பெத்தவ இல்லாம எப்படி.