சிவப்புக் குறியைப் பச்சையாக்கிய தெய்வநாயகி அம்மையாருக்கு

உ — 786

பேரன்பும் பெருங்கண்டிப்பும் ஒருங்கே பெற்ற பெருமாட்டியே! உப்புக் காற்றில் பூட்டும் சாவியும் துருப்பிடிக்கும் இவ்வூரில், இம்மியும் துருவேறா நெஞ்சத்தோடு முப்பத்தோராண்டு எங்கள் மரக்காணம் வெண்கழி உப்பு நிறுவனத்தின் அலுவலகத்தை ஆண்ட அரசியே! மேலாளர் தெய்வநாயகி அம்மையாரே! வணக்கம். நீங்கள் ஓய்வு பெறும் இன்று ஒரு நாளாவது குறுக்கே திருத்தம் சொல்லாமல், நாங்கள் வாசித்து முடிக்கும் வரை கேட்டருள்க!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் கிளியனூரிலிருந்து பேருந்தேறித் தட்டச்சராக வந்தீர்கள். வந்த அன்றே வருகைப் பதிவேட்டைக் கேட்டீர்கள். அன்றோடு எங்கள் முன்னோடிகளின் நிம்மதி போயிற்று என்பார்கள். பொய்க் காரணம் எழுதிய விடுப்புக் கடிதத்தில் பிழைகளை மட்டும் திருத்தி, விடுப்பையும் தந்து அனுப்பிய விசித்திரம் உங்களுடையது. உப்புப் பாத்தியில் மங்கம்மாவும் பாஞ்சாலையும் வாரிய உப்பின் எடையில் ஐயம் வந்தால், உச்சி வெயிலில் குடை பிடித்து நின்று திரும்ப நிறுக்க வைத்த நீதியும் உங்களுடையதே. உங்களுக்கு அஞ்சியதை விட உங்களை நம்பியதே அதிகம்.

எனினும், அம்மையே, முப்பத்தோராண்டின் முழுப் பெருமையையும் பாட இங்கு இடமில்லை. சென்ற செப்டம்பரில் நடந்ததைச் சொன்னால் போதும்.

அம்மாதத்தில் இரண்டாயிரம் டன் உப்பு களத்தில் குவிந்து கிடந்தது. ஐப்பசி மழை வருமுன் விற்காவிட்டால் வந்த வழியே கடலுக்குப் போய்ச் சேரும். வடக்கே ஓர் இரசாயன ஆலை முழுவதையும் எடுத்துக்கொள்ள முன்வந்தது. ஆனால் ஒப்பந்தத்தைக் கணினியிலேயே மின்கையொப்பமிட்டு, முப்பதாம் தேதி மாலைக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்றது. மையும் முத்திரையும் செல்லாதாம். முதலாளி பஷீர் அஹமது அவர்கள் அலுவலகத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். நாங்கள் அனைவரும் உங்களைப் பார்த்தோம்.

ஓய்வுக்கு இரண்டே மாதம் இருக்கையில், ‘எனக்கெதற்கு இந்த வம்பு’ என்று நீங்கள் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. இங்குள்ள தொலைபேசி இணைப்பு இருமி இருமி அறுந்துபோகிறது என்று, குயிலாப்பாளையத்து இணைய மையத்துக்குப் பேருந்தில் போய், கையொப்பத்தைச் சரிபார்க்க ஒன்று, கையொப்பமிட்ட ஆவணத்தைச் சேமிக்க ஒன்று என இரண்டு இணைப்பு மென்பொருள்களை சி.டி.யில் இறக்கிவந்தீர்கள். முதலாளியின் கையொப்பம் அடங்கிய கட்டைவிரல் அளவு யூ.எஸ்.பி. கருவியை உப்புக் காற்று தின்றுவிடாதபடி ஊறுகாய் டப்பாவைக் கழுவிக் காயவைத்து அதில் பூட்டினீர்கள். மென்பொருளின் ஒவ்வொரு அமைப்பையும் நோட்டில் எழுதி எழுதிப் பொருத்தினீர்கள். முதலாளி கையொப்பமிட்டதும் திரையில் பச்சைக் குறி பளிச்சிட்டது. எங்கள் அலுவலகத்து ஜெயா அதற்குச் சூடம் காட்டலாமா என்று கேட்டார்.

ஆனால் ஆலையிலிருந்து பதில் வந்தது: கையொப்பம் செல்லாது. அங்கே திறந்தால் சிவப்புப் பெருக்கல் குறி! மென்பொருளைக் கழற்றி மறுபடி மாட்டினீர்கள். மறுபடியும் இங்கே பச்சை, அங்கே சிவப்பு. மூன்றாம் முறையும் அப்படியே. “ஆர்டர் கெடச்சிடுச்சாம்மா?” என்று பாஞ்சாலை தினமும் வாசலில் நின்று கேட்பதும், நீங்கள் கண்ணாடியைத் துடைப்பதும் எங்களால் பார்க்க முடியவில்லை. முதலாளியின் பொறுமையும் தீர்ந்தது. “யாரு தப்புன்னு தெரியட்டும், அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடறேன்!” என்று அவர் போட்ட சத்தம் கடைத்தெரு வரை கேட்டது.

முப்பதாம் தேதி நண்பகல். நான்காம் முறையாகக் கையொப்பம் விழுந்தது, பச்சைக் குறி வந்தது. இம்முறை நீங்கள் உங்கள் இருக்கைக்குத் திரும்பவில்லை. ஆவணங்களை அனுப்பும் எழுத்தரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றீர்கள். அவர் சேமித்த ஒப்பந்தத்தைத் திறந்தார், அதன் உச்சியில் இடப்பக்கம் ‘உ’ என்றும் வலப்பக்கம் ‘786’ என்றும் பயபக்தியோடு தட்டினார், மறுபடி சேமித்தார்.

“ஏம்பா, இன்னா பண்றே?”

“குறி போடறேங்க. பெரிய முதலாளி காலத்துலேருந்து ரெண்டு குறியும் இல்லாம ஒரு காயிதம் இந்த ஆபீஸ விட்டு வெளிய போனதில்லியே!”

கையொப்பமிட்ட பின் ஓர் எழுத்தைச் சேர்த்தாலும் கையொப்பம் செத்துவிடும் என்பதை அந்த எழுத்தர் அறியார். நீங்கள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: “குறிய மொதல்ல போடு. அப்புறம் மொதலாளி கையெழுத்து. அதுக்கப்புறம் சாமியே வந்தாலும் தொடக்கூடாது.” கையொப்பம் விழுந்த கணமே ஆவணம் பூட்டப்பட்டுத் தனி உறையில் சேமிக்கப்படும்படி மென்பொருளின் அமைப்பையும் மாற்றினீர்கள். நாலரை மணிக்கு ஆலையின் ஒப்புதல் வந்தது. அப்பாடா! ஐப்பசியின் முதல் மழைக்கு முன் கடைசி லாரியும் போய்விட்டது. மழை வெறுங்களத்தில் பெய்ததை நாங்கள் சன்னலில் நின்று ரசித்தோம்.

ஒப்புதல் வந்த அன்று முதலாளி காரணம் கேட்டார். “ஒரு செட்டிங் தப்பா இருந்துச்சுங்க, சரி பண்ணிட்டேன்” என்றீர்கள். முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் மதிப்புமிகு முதலாளி அவர்களே! அந்தத் தப்பான செட்டிங்கின் பெயர் ராமதாஸ். இருபத்திரண்டு ஆண்டுகளாக உங்கள் கடிதங்களை அனுப்பிவருபவன். இப்போது இம்மடலை வாசித்துக்கொண்டிருப்பவன். இரண்டு மாதமாக இதை மறைத்து வைத்திருந்தேன். அம்மையார் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ‘பார்த்தாயா, காப்பாற்றினேன்’ என்று கண்ணாலும் கேட்கவில்லை. அவர் பொருத்திய செட்டிங்தான் தப்பு என்ற பழியை அவர் தலையில் வைத்து வழியனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன், இனி எது வந்தாலும் சரி, என் நெஞ்சு லேசாகிவிட்டது.

அம்மையே! துருப்பிடிக்காத மூட்டுகளோடும், தூக்கம் கெடாத இரவுகளோடும், யாருடைய விடுப்புக் கடிதத்தையும் திருத்தத் தேவையில்லாத காலைகளோடும் நூறாண்டு நலமே வாழ்க! பேருந்தில் எப்போதும் சன்னலோர இருக்கை உங்களுக்கே வாய்க்க!

நேற்று மாலை இம்மடலை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன். “அந்தப் பத்தி வேணாம்பா, வேலை போயிடும்” என்றார் ஜெயா. பக்கத்து மேசை ஷஃபி பேனாவை எடுத்து முதல் கையெழுத்தைப் போட்டார். அடுத்து ஜெயாவே போட்டார். பாஞ்சாலை கைநாட்டு வைத்தார். மேலே பாருங்கள், அம்மையே: குறி இரண்டையும் முதலிலேயே போட்டுவிட்டேன். பதினேழு பேர் கையெழுத்தும் கீழே விழுந்துவிட்டது. இனி முதலாளியே சொன்னாலும் இதில் ஓர் எழுத்தையும் எடுக்க முடியாது.

மரக்காணம்,
30.11.2006

இங்ஙனம்,
நீங்கள் பூட்டிச் சேமித்த
வெண்கழி உப்பு நிறுவன ஊழியர் பதினேழு பேர்