கைப்பேசிக்குத் தடை கேட்க வந்து குழம்பி நிற்கிறேன்

அவையின் நடுவே அமர்ந்து, என் பேச்சு எங்கே நீண்டுவிடுமோ என்ற அச்சத்தை அழகாக மறைத்துக்கொண்டிருக்கும் தலைவர், அண்ணன் புவனேஸ்வரன் அவர்களே! ஜார்ஜ்டவுன் கடலோர நடையர் மன்றத்தின் ஆணிவேர்களாய் விளங்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்து, பிள்ளைகளை அதட்டி, அரக்கப் பரக்க ஓடிவந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி வந்திருக்கும் பாசமிகு தோழர்களே! வண்டியை மஞ்சள் கோட்டில் நிறுத்திவிட்டு, அபராதச் சம்மன் வருமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் வீரர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த மன்றத்தின் செயலாளர் பிரிஸில்லாவின் பணிவான வணக்கம்.

இன்றைய தீர்மானம் என்ன? நம் நடைப்பயணங்களில் கைப்பேசிக்குத் தடை! அதை முன்மொழிந்து முழங்கத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். முழங்கத்தான் வந்தேன். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று மூன்று நாளாக முழங்கியும் பார்த்தேன். ஆனால், அவையோரே, முழங்க முழங்க எனக்குக் குழப்பம்தான் கூடியது. நான் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது? கையில் இருந்த கருவியையா? கருவியை வைத்திருந்த கையையா?

நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே தெளிவு சொல்லுங்கள்.

போன மாதம் தெலுக் பஹாங்கிலிருந்து கடலோரப் பாதையில் புறப்பட்டோம். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல். காலடியில் வேர், கைப்பிடியில் கயிறு. கண்ணுக்கு விருந்தாய் அத்தனை அழகு விரிந்து கிடக்க, நம் கண்கள் எங்கே இருந்தன? காலடிக் கணக்கில்! மாதம் முழுக்க அதிகக் காலடி வைத்தவருக்கு மன்றம் ரைஸ் குக்கர் கொடுக்கிறதல்லவா? காலடியை எண்ணுவது கைப்பேசி. அதனால் நம் மக்கள் என்ன செய்தார்கள்? தம்பி நாதன் ஓரிடத்தில் நிற்கமாட்டார். முன்னால் ஓடுவார், பின்னால் வருவார், மறுபடி முன்னால் ஓடுவார். அவர் பையில் நம் கைப்பேசியைப் போட்டுவிட்டால், நாம் ஒரு பங்கு நடக்க, அது இரண்டு பங்கு நடக்கும்! யார் யார் போட்டீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். மூன்றாவது வரிசையில் சிலர் செருப்பை ஆராய்ச்சி செய்கிறார்கள், அதுவே போதும்.

அன்றைக்கு அந்தப் பையில் தன் கைப்பேசியைப் போட்டவர் நம் புஷ்பவள்ளி அக்கா. அதோ, கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டி அமர்ந்திருக்கிறாரே, அவர்தான். பாதி வழியில் பாறை வழுக்கியது. கணுக்கால் பிசகி, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நாமோ கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தோம். ரோசம்மா அக்கா கேட்டார், "சந்திரசேகரண்ணே, மிஸஸ் எங்கே?" புஷ்பவள்ளி அக்காவின் கணவர் நிமிர்ந்து பார்த்தாரா? இல்லை! யார் எங்கே என்று காட்டும் வரைபடத்தைத் திறந்தார். அதில் அவருடைய நீலப் புள்ளி. அதை ஒட்டியே அக்காவின் புள்ளி. "இதோ பாருங்கக்கா, பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கா லா!" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? நாதனும் நாதனுடைய பையும்! அத்தனை பேரும் அந்தத் திரையைப் பார்த்தோம், தலையாட்டினோம், சோற்றைத் தின்றோம். திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே!

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், ஆனால் அங்கே அக்கா கத்திக்கொண்டிருந்தார். கடந்து போன வழிப்போக்கர்கள் காதில் பாட்டு. அக்கா கையை ஆட்டினார். அவர்களும் கையை ஆட்டி, ஒரு படமும் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்!

இதுவரை கேட்டால் தடை போடத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மீதிக் கதைதான் என்னைக் குழப்பிவிட்டது.

கெப்பாலா பத்தாஸ் பெண் ஐனா, கல்லூரி மாணவி, அந்த வழியாகத்தான் தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டு வந்தாள். அவள் காதிலும் பாட்டுதான். கடற்கரையில் சந்திரசேகரன் அண்ணனிடம் கைப்பேசியைக் கொடுத்து, ஒரு படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தார். நன்றாக விழுந்ததா என்று பார்க்க, விரல் தவறி முந்தைய படத்துக்குப் போனது. அதில் முன்னால் ஐனாவின் சிரிப்பு. பின்னால், பாறை மேல், காலைப் பிடித்துக்கொண்டு மாம்பழ நிறச் சட்டையில் அவருடைய மனைவி! "ஐயோ, இது என் பொண்டாட்டி!" என்று அவர் போட்ட சத்தத்தில் குரங்குகள் மரமேறின. ஓடினோம். படகுக்கார நூர் முகம்மது பாயை அழைத்தோம். எதில் அழைத்தோம்? கைப்பேசியில்!

இப்போது சொல்லுங்கள். ஒரு கைப்பேசி அவரைத் தொலைத்தது, ஒரு கைப்பேசி அவரைக் காட்டியது, ஒரு கைப்பேசி படகைக் கொண்டுவந்தது. இதில் எதற்குத் தடை? எதற்கு மாலை? என்ன, கடைசி வரிசைத் தம்பி, "ரைஸ் குக்கருக்குத் தடை போடுங்க"ன்னா சொல்றீங்க? அதுவும் நல்ல யோசனைதான், எழுதிக்கொள்கிறேன்.

ஆனால் என்னை உறங்கவிடாதது தீர்மானம் அல்ல. போன வாரம் ஆயர் ஈத்தாமில் அக்கா வீட்டுக்குப் போனேன். "கால் சரியாயிடும் பிரிஸில்லா. ஆனா நான் இனிமே நடக்க வரல," என்றார். ஏன் என்றேன். "விழுந்தது வலிக்கல. நான் வரலேன்னு ஒருத்தருக்கும் தெரியலையே, அதான் வலிக்குது," என்றார். பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவள்தான் நான்; அன்று எனக்கு அழுகைதான் வந்தது.

அவையோரே! கண் இருந்தும் காணாமல், காது இருந்தும் கேளாமல் கூட்டமாய் நடப்பதற்குப் பெயர் துணையா? தடைக்குக் கை தூக்குங்கள் என்று கேட்க வந்தேன். இப்போது அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. தூக்கவேண்டாம் என்று சொல்லவும் தெளிவில்லை. தலைவர் முறைக்கிறார், முறைக்கட்டும். எனக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டும். புஷ்பவள்ளி அக்கா, எல்லார் முன்னாலும் கேட்கிறேன், மறுபடி எங்களோடு வருவீர்களா?

கணவர் பக்கம் திரும்புகிறார். கொஞ்சம் பொறுங்கள்... சந்திரசேகரன் அண்ணன் எழுந்து நிற்கிறார். மைக் வேண்டாம் அண்ணே, சத்தமாகவே சொல்லுங்கள். "இனிமே உன் பின்னாலயே நடந்து வர்றேன்லா, உன்னை விட்டுட்டுப் போகமாட்டேன்" என்கிறார்! கை தட்டாதீர்கள், கை தட்டாதீர்கள், அக்கா ஏதோ சொல்கிறார். அக்கா, என்ன சொன்னீங்க?

கேட்டதா உங்களுக்கெல்லாம்? "பின்னால வேணாம். பக்கத்துல வாங்க. வர்றேன்."

இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? குழப்பத்தோடு வந்தவளைப் பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் தோழர்க்கும் நெஞ்சார்ந்த நன்றி. தீர்மானத்தைத் தலைவரிடமே திருப்பிக் கொடுத்து, உங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்!